ஒரே எஞ்சின், மூன்று வண்டிகள்: குரூசர் பைக்கைத் தேர்ந்தெடுக்கும் முன்

சத்தம் தடதடவென்று கேட்டால் குரூசர், 350 சிசி என்றால் குரூசர், டேங்க் கண்ணீர்த்துளி வடிவில் இருந்தால் குரூசர் என்று நம்மிடையே பலவிதமான வரையறைகள் புழங்குகின்றன. ராயல் என்ஃபீல்டு வண்டி எதைக் கண்டாலும் 'புல்லட்' என்றே அழைத்துவிடும் பழக்கம் இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. இந்தச் சொல்லைப் பிறர் எப்படிப் பயன்படுத்தினால் என்ன என்று விட்டுவிடலாம்தான்; ஆனால் இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வண்டி எடுப்பவர், எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்று தெரியாமல் எடுத்தால், மூன்றாம் மாதத்தில் முதுகுவலி வந்த பிறகே அது அவருக்குப் புரிகிறது.

சென்னையை அடுத்த தொழிற்சாலைகளில் உருவாகும் மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்வோம்: ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350, கிளாசிக் 350, ஹன்டர் 350. மூன்றிலும் அடிப்படையில் ஒரே எஞ்சின்தான் இருக்கிறது. ஒற்றை சிலிண்டர், 349 சிசி, சுமார் 20 குதிரைத்திறன் என்ற கணக்கு மூன்றுக்கும் பொது. அப்படியிருந்தும் 2020 நவம்பரில் வெளிவந்த மீட்டியோர் மட்டுமே இவற்றில் குரூசர். கிளாசிக் பழைய பாணியில் அமைந்த பொதுவகை வண்டி. ஹன்டர் நகரத் தெருக்களில் வளைந்து நெளிந்து போவதற்கென்று குறுக்கி அமைக்கப்பட்ட வண்டி. ஆகவே ஒரு வண்டியைக் குரூசராக்குவது எஞ்சின் இல்லை என்பது இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே தெளிவாகிவிடுகிறது. எது ஆக்குகிறது என்பதைத்தான் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

சாய்வு நாற்காலியும் சாப்பாட்டு மேசை நாற்காலியும்

பைக்கில் அமர்ந்தவரின் உடல் வண்டியை மூன்று இடங்களில் தொடுகிறது: கைகள் ஹேண்டில்பாரை, இடுப்பு இருக்கையை, பாதங்கள் ஃபுட்ரெஸ்ட்டை. இந்த மூன்று புள்ளிகளையும் கோடிட்டு இணைத்தால் கிடைக்கும் முக்கோணமே வண்டியின் வகையைத் தீர்மானிக்கும் முதல் அம்சம். ஸ்போர்ட்ஸ் பைக்கில் கைகள் தாழ்ந்தும் பாதங்கள் பின்னுக்குத் தள்ளியும் இருப்பதால் உடல் முன்னே கவிழ்கிறது. பொதுவகை வண்டியில் சாப்பாட்டு மேசையின் முன் நாற்காலியில் அமர்வதுபோல் முதுகு நிமிர்ந்து, பாதங்கள் ஏறத்தாழ இடுப்புக்குக் கீழே வருகின்றன. குரூசரிலோ இருக்கை தாழ்ந்திருக்கும், பாதங்கள் முன்னே நீண்டிருக்கும், ஹேண்டில்பார் நம்மை நோக்கி வந்து நிற்கும். இது சாய்வு நாற்காலியின் அமைப்பு.

சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க நினைப்பவர் முதலில் என்ன செய்கிறார் என்று கவனித்தால் குரூசரின் நல்லதும் கெட்டதும் ஒருசேர விளங்கும். நீட்டியிருக்கும் கால்களை அவர் முதலில் உள்ளே இழுத்துக்கொள்கிறார். அப்போதுதான் உடலின் எடை பாதங்களுக்கு மேலே வரும், அவரால் எழ முடியும். பொதுவகை பைக்கில் பள்ளம் வரும்போது ஓட்டுபவர் ஃபுட்ரெஸ்ட்டில் சற்றே எழும்பி, முழங்கால்களையே ஸ்பிரிங் போலப் பயன்படுத்தி அதிர்வை வாங்கிக்கொள்வார். கால்கள் முன்னே நீண்டிருக்கும் குரூசரில் அப்படி எழும்ப இயலாது. பின்சக்கரம் பள்ளத்தில் விழும்போது அந்த அடி நேராக முதுகெலும்பின் அடிப்பகுதிக்குப் போகிறது. போதாததற்கு, இருக்கையைத் தாழ்வாக அமைக்க வேண்டியிருப்பதால் பின் ஷாக் அப்சார்பர் மேலும் கீழும் அசைவதற்கு உள்ள இடமும் பெரும்பாலான குரூசர்களில் குறைவு. 'குரூசர் என்றால் சுகம்' என்ற பேச்சு நல்ல சாலைக்கு மட்டுமே பொருந்துவதன் காரணம் இதுதான்.

காற்றும் ஒரு கணக்கு. நெஞ்சை நிமிர்த்திக் கைகளை விரித்து அமர்ந்தவர் பாய்மரம் போலக் காற்றை வாங்குகிறார். மணிக்கு 80 கிலோமீட்டரில் இது இதமாக இருக்கும். 110ஐத் தாண்டும்போது ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குவதுபோல் தோள்கள் இழுக்கத் தொடங்கும்.

கைவிட்டு ஓட்டிய சைக்கிள்

சிறுவயதில் சைக்கிளைக் கைவிட்டு ஓட்டியவர்களுக்கு ஒரு செய்தி அனுபவத்தில் தெரியும்: போகிற வேகத்தில் ஹேண்டில் தானாகவே நேராக நிற்கும். அதே சைக்கிளை, இருக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். நான்கடி போவதற்குள் ஹேண்டில் ஒரு பக்கமாகச் சுழன்று மடங்கிக்கொள்ளும். முன்னே போகும்போது நேராக்கிய அதே அமைப்பு, பின்னே போகும்போது தாறுமாறாக்குகிறது.

அந்த அமைப்பின் பெயர் டிரெயில். ஹேண்டில் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சைக் கோடாகத் தரைவரை நீட்டினால், அது தரையைத் தொடும் இடம் டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே இருக்கும். இந்த இரு புள்ளிகளுக்கும் இடையேயுள்ள தூரமே டிரெயில். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரங்களை நினைத்துக்கொண்டால் போதும். வண்டியைத் தள்ளியவுடன் அவை தம் அச்சுக்குப் பின்னால் போய் நின்று, போகும் திசைக்கு நேராகிவிடுகின்றன. பைக்கின் முன்சக்கரமும் அவ்வாறே தன் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருவதால்தான் நேராகிக்கொண்டே இருக்கிறது.

டிரெயிலை நீட்டுவதற்கு எளிய வழி முன் ஃபோர்க்கைக் கூடுதலாகச் சாய்ப்பது. செங்குத்துக் கோட்டிலிருந்து அது சாய்ந்திருக்கும் கோணத்துக்கு ரேக் என்று பெயர். ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் இது 24 பாகையை ஒட்டியும், பெரிய அமெரிக்கக் குரூசர்களில் 30 பாகையை ஒட்டியும் இருக்கும். ஃபோர்க் சாயச் சாய முன்சக்கரம் முன்னே தள்ளிப் போகிறது. அதனால் இரு சக்கரங்களின் மையங்களுக்கு இடையேயான தூரமாகிய வீல்பேஸும் நீள்கிறது. ஹன்டர் 350இன் வீல்பேஸ் 1370 மில்லிமீட்டர், மீட்டியோர் 350க்கு 1400, பஜாஜ் அவெஞ்சர் 220க்கு 1490, சூப்பர் மீட்டியோர் 650க்கு 1500. ஹன்டருக்கும் அவெஞ்சருக்கும் உள்ள வித்தியாசம் அரைச் சாண்தான். ஆனால் நெரிசலான கடைத்தெருவில் வண்டியைத் திருப்புகிறவருக்கு அந்த அரைச் சாணின் அருமை தெரியும்.

நீண்ட டிரெயிலும் நீண்ட வீல்பேஸும் சேர்ந்த வண்டி நெடுஞ்சாலையில் கோடு பிடித்தாற்போல் போகும். சிறு மேடுபள்ளங்களும் லாரி கடந்துபோகும்போது அடிக்கும் காற்றும் அதை எளிதில் கலைத்துவிட முடியாது. இதற்கு நாம் கொடுக்கும் விலை நடை வேகத்தில் தெரியவரும். மெதுவாக ஊர்ந்து திரும்பும்போது முன்சக்கரம் ஒரு பக்கமாக 'விழுவது' போன்ற உணர்வு வரும், ஹேண்டிலைக் கைகளால் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், ஆட்டோ திரும்பும் இடத்தில் பேருந்து திரும்பப் பார்ப்பதுபோல் அகலமான வளைவும் தேவைப்படும்.

'கனமான வண்டிதான் ஆடாமல் போகும்' என்று பலரும் சொல்வதையும் இங்கேயே சரிசெய்துகொள்ளலாம். பக்கவாட்டுக் காற்றைத் தாங்குவதில் கனம் ஓரளவு உதவும் என்பது உண்மை. ஆனால் நேராகப் போகும் குணத்தை முதன்மையாகத் தருவது வடிவமைப்பே. அவெஞ்சர் 220இன் எடை 163 கிலோதான், கிளாசிக் 350க்கு 195 கிலோ. இலேசான வண்டியாக இருந்தும் அவெஞ்சர் நேர்சாலையில் நிதானமாகப் போகிறதென்றால் அதன் நீளத்துக்கும் சாய்ந்த ஃபோர்க்குக்கும்தான் அந்தப் பெருமை சேர வேண்டும்.

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்துச் சொன்னால், தாழ்ந்த இருக்கை, முன்னே நீண்ட பாதங்கள், சாய்ந்த ஃபோர்க், நீண்ட வீல்பேஸ் ஆகிய நான்கும் கூடியதே குரூசர். இவற்றுள் எஞ்சினைப் பற்றிய சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கிணற்றடியில் இருவர்

அப்படியானால் எஞ்சினுக்கு இதில் பங்கே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது சிசி எண்ணில் இல்லை, அந்த எஞ்சின் எந்த வேகத்தில் இழுக்கிறது என்பதில் இருக்கிறது.

கிணற்றில் இருவர் நீர் இறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பெரிய குடத்தைக் கட்டி நிதானமாக இழுக்கிறார். மற்றவர் சின்ன வாளியைக் கட்டி மளமளவென்று இழுக்கிறார். ஒரு மணிநேர முடிவில் இருவருமே ஏறத்தாழ ஒரே அளவு நீரை இறைத்திருக்கலாம். ஒரு இழுப்பில் எவ்வளவு கனத்தைத் தூக்குகிறார் என்பது ஒரு கணக்கு. மணிக்கு எவ்வளவு நீர் இறைக்கிறார் என்பது வேறு கணக்கு. எஞ்சினில் முதலாவதற்கு முறுக்குவிசை என்றும் இரண்டாவதற்குக் குதிரைத்திறன் என்றும் பெயர். முறுக்குவிசை என்பது எஞ்சின் தன் தண்டைத் திருகும் பலம். நியூட்டன் மீட்டர் என்ற அலகில் அளக்கப்படுகிறது. அந்தப் பலத்தை நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் தருகிறது என்பதையும் சேர்த்துப் பெருக்கினால் கிடைப்பதே குதிரைத்திறன்.

மீட்டியோர் 350க்கும் அவெஞ்சர் 220க்கும் குதிரைத்திறன் கிட்டத்தட்ட ஒன்றுதான்: முன்னதற்கு 20, பின்னதற்கு 19. தாளில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் மீட்டியோர் தன் உச்ச முறுக்குவிசையான 27 நியூட்டன் மீட்டரை 4,000 சுற்றிலேயே தந்துவிடுகிறது; அவெஞ்சர் தன் உச்சமான 17.55ஐத் தருவதற்கு 7,000 சுற்றுவரை போக வேண்டும். 4,000 சுற்றில் இரண்டையும் ஒப்பிட்டால், மீட்டியோரிடம் சுமார் 15 குதிரைத்திறன் இருக்கும். அவெஞ்சரிடம் அந்தச் சுற்றில் 10க்கு மேல் இருக்க வழியில்லை. குடத்துக்காரர் மீட்டியோர், வாளிக்காரர் அவெஞ்சர். லாரியை முந்த வேண்டுமென்றால் மீட்டியோரில் பெரும்பாலும் அதே கியரில் ஆக்சிலேட்டரைத் திருகினால் போதும். அவெஞ்சரில் ஒரு கியர் குறைத்து, எஞ்சினை வேகமாகச் சுற்றவிட வேண்டும். இரண்டாவது முறையில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் குரூசரின் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அடிக்கடி கியர் மாற்றி எஞ்சினைக் கதறவைக்க விரும்புவதில்லை என்பதால், தாழ்ந்த சுற்றிலேயே இழுக்கும் எஞ்சின் இவ்வகை வண்டிக்கு இயல்பாகப் பொருந்துகிறது.

இந்தக் குணம் எங்கிருந்து வருகிறது? மீட்டியோரின் சிலிண்டர் 72 மில்லிமீட்டர் விட்டமுடையது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் 85.8 மில்லிமீட்டர் தூரம் ஓடுகிறது. இத்தகைய எஞ்சினை நெடுவீச்சு எஞ்சின் எனலாம். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஓட வேண்டிய தூரம் அதிகம் என்பதால் அதனால் மிக வேகமாகச் சுற்ற இயலாது. எனவே தாழ்ந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும்படி அதை அமைக்கிறார்கள். அவெஞ்சர் 220இல் விட்டம் 67, ஓட்டம் 62.4, இது குறுவீச்சு. கூடவே ஃபிளைவீல் என்ற கனமான சக்கரமும் தன் பங்கைச் செய்கிறது. குயவர் தம் சக்கரத்தை ஒருமுறை சுழற்றிவிட்டால் மண்ணில் கை வைத்த பிறகும் அது சட்டென்று நின்றுவிடுவதில்லை அல்லவா? அதுபோல, கனத்த ஃபிளைவீல் உள்ள எஞ்சின், கிளட்சை விடும்போது எளிதில் அணைந்துவிடாமல் தன் சுழற்சியாலேயே வண்டியை நகர்த்திவிடும்.

எல்லாக் குரூசரும் நெடுவீச்சாக இருந்தாக வேண்டும் என்று விதி இல்லை. 2023இல் வந்த சூப்பர் மீட்டியோர் 650இல் இரண்டு சிலிண்டர்கள். விட்டம் 78, ஓட்டம் 67.8. குறுவீச்சாக இருந்தும், எஞ்சினின் கொள்ளளவே பெரிது என்பதால் அதற்கு 52.3 நியூட்டன் மீட்டர் கிடைத்துவிடுகிறது.

சிசியைப் பற்றி ஒரு வார்த்தை. சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடும் இடத்தின் கன அளவே சிசி. குடம் எவ்வளவு பெரிது என்பதைத்தான் அது சொல்லும், இழுப்பவர் எப்படி இழுக்கிறார் என்பதைச் சொல்லாது. இந்தியாவில் பல வண்டிகள் 349 என்ற எண்ணில் வந்து நிற்பதற்கு வரியும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு, அதைத் தாண்டினால் 40 விழுக்காடு. ஆக அந்த எண்ணில் பொறியாளரைவிட வரி அதிகாரியின் கைவண்ணமே கூடுதலாகத் தெரிகிறது என்று நான் நினைப்பதுண்டு. பெயர்ப்பலகையும் அப்படித்தான். ஹார்லி டேவிட்சன் என்றதும் குரூசர் நினைவுக்கு வரும். ஆனால் ஹீரோவுடன் சேர்ந்து 2023இல் கொண்டுவந்த எக்ஸ் 440இன் இருக்கை உயரம் 805 மில்லிமீட்டர், பாதங்கள் இடுப்புக்குக் கீழே. அது குரூசர் இல்லை.

சுருங்கச் சொன்னால், விவரத்தாளில் குதிரைத்திறனின் அளவை மட்டும் பார்க்காமல், முறுக்குவிசை எவ்வளவு, அது எத்தனையாவது சுற்றில் கிடைக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நம் சாலையில் குரூசர்

குரூசர் என்ற வடிவம் அமெரிக்காவின் நீண்ட, நேரான, அகலமான சாலைகளில் முதிர்ந்தது. அங்கே ஒரு திருப்பத்துக்கும் அடுத்த திருப்பத்துக்கும் இடையே பல மைல் இருக்கும். நமக்கோ தெருவுக்கு மூன்று வேகத்தடை.

வேகத்தடையில் இடிப்பது தரை இடைவெளியை மட்டும் பொறுத்ததன்று. தரை இடைவெளி என்பது வண்டியின் மிகத் தாழ்ந்த பாகத்துக்கும் தரைக்கும் இடையேயுள்ள உயரம். இரண்டு செங்கல்களின் மேல் ஒரு பலகையை வைத்து, அதற்குக் கீழே ஒரு மேட்டைக் கடத்துவதாக எண்ணிப் பாருங்கள். செங்கல்களின் உயரம் மாறாமல் அவற்றுக்கிடையே தூரம் மட்டும் கூடினால், மேட்டின் உச்சி பலகையின் நடுவில் இடிக்கும் வாய்ப்பும் கூடும். ஆகவே வீல்பேஸ் நீளமாகவும் தரை இடைவெளி குறைவாகவும் உள்ள வண்டிக்கு இரட்டிப்புச் சங்கடம். மீட்டியோர் 350க்குத் தரை இடைவெளி 170 மில்லிமீட்டர். சூப்பர் மீட்டியோர் 650க்கு 135 மட்டுமே, வீல்பேஸும் 100 மில்லிமீட்டர் கூடுதல். பின்னால் ஒருவர் அமர்ந்தால் ஸ்பிரிங் அமுங்கி இது மேலும் குறையும். அரசு அளவுகளுக்குக் கட்டுப்படாமல், யாரோ ஒருவர் இரவோடிரவாகப் போட்டுவிட்டுப் போன வேகத்தடைகள் நிறைந்த ஊரில் வாழ்பவர் இந்த ஒரு காரணத்துக்காகவே பெரிய குரூசரை மறுபரிசீலனை செய்யலாம்.

மலைப்பாதை அடுத்தது. கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். குரூசரில் ஃபுட்ரெஸ்ட் தாழ்ந்திருப்பதால், வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது மற்ற வண்டிகளைவிட முன்னதாகவே அது தரையில் உரசும். உரசும் சத்தம் கேட்டுப் பதறி, சட்டென்று வண்டியை நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் போய்விடுவோம். மலைக்குக் குரூசரில் போகவே கூடாது என்பதில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறவருக்குத் தாழ்சுற்று இழுவை அங்கே உதவவே செய்யும். வாரந்தோறும் மலையேறுகிறவருக்கு மட்டும் இது சரியான வண்டியன்று.

பின்னால் அமர்பவரைப் பலரும் வண்டி எடுத்த பிறகே நினைக்கிறார்கள். ஓட்டுபவரின் இருக்கை அகன்று தாழ்ந்திருக்க, பின்னிருக்கை சிறியதாகவும் பின்சக்கரத்தின் அடிகள் நேராக மேலேறும் இடத்திலும் அமைந்துவிடுகிறது. முதுகுச் சாய்மானம் பொருத்தினால் பாதிக் குறை தீரும். பாபர் என்ற பெயரில் வரும் ஒற்றை இருக்கை வண்டிகளைக் குடும்பத்தில் இரண்டாவது வண்டியாகத்தான் கருத முடியும். நெடுந்தூரம் போகிறவர் அலாய் சக்கரத்தில் டியூப்லெஸ் டயர் உள்ள வகையை எடுப்பது நல்லது. கம்பிச் சக்கரங்களில் பெரும்பாலும் டியூப் இருக்கும், நட்ட நடுவழியில் பஞ்சர் ஆனால் சக்கரத்தையே கழற்ற வேண்டியிருக்கும்.

ஓட்டிப் பார்க்கும் நாளில்

ஷோரூமில் வண்டிமேல் ஏறி அமர்ந்தவுடன் இரண்டு பாதங்களும் தரையில் பதிவதைப் பார்த்து மயங்கிவிடுவது வழக்கம். மீட்டியோர் 350இன் இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர், சூப்பர் மீட்டியோருக்கு 740, அவெஞ்சர் 220க்கு 737 என்பதால் உயரம் குறைந்தவர்களுக்கும் கால் எட்டும். இது குரூசரின் மெய்யான நன்மை. ஆனால் இருக்கை அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, தாளில் உள்ள உயரத்தைவிடக் கூடுதலாகவே தோன்றும் என்பதால் ஏறி அமர்ந்து பார்த்தால்தான் தெரியும். ஹேண்டிலை முழுவதுமாக ஒரு பக்கம் திருப்பி, வெளிப்பக்கக் கை தோளை இழுக்காமல் எட்டுகிறதா என்றும் பாருங்கள். குறுகிய கைகள் உள்ளவர்களுக்கு யூ திருப்பத்தில் சிக்கல் வருவது பெரும்பாலும் இங்கேதான்.

பிறகு ஓட்டும்போது நெடுஞ்சாலைப் பக்கம் போகாதீர்கள். அங்கே எல்லாக் குரூசரும் நன்றாகத்தான் இருக்கும். விற்பனையாளர் காட்டும் நேர்சாலையை விட்டு, அருகிலுள்ள மோசமான தெருவைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் ஒருவரை அமர்த்தி வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். இருவழிச் சாலையின் அகலத்துக்குள் கால் ஊன்றாமல் திரும்ப முடிகிறதா என்று பாருங்கள். மூன்றாம் கியரில் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு இறக்கிவிட்டு, கிளட்சைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மெல்லத் திருகினால் வண்டி உதறாமல் எழுகிறதா என்பது, முறுக்குவிசையைப் பற்றி விவரத்தாள் சொன்னதை உங்கள் கையே சரிபார்க்கும் சோதனை. பத்து நிமிட ஓட்டத்தில் முதுகு எதையும் சொல்லாது. நண்பர் யாரிடமாவது அதே வண்டி இருந்தால் ஒரு மணிநேரம் கேட்டு வாங்கி ஓட்டுவது எந்தக் கட்டுரையையும்விடப் பயன் தரும்.

மிச்சமிருப்பது உங்கள் வீட்டு வாசல். பல வீடுகளில் தெருவிலிருந்து உள்ளே ஏறச் சிறு சரிவு இருக்கும். காலையில் வண்டியைப் பின்னோக்கி இறக்கவோ, முன்பக்கமாக நிறுத்தியிருந்த இடத்திலிருந்து பின்னோக்கி ஏற்றவோ வேண்டியிருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, இருக்கையில் அமர்ந்தபடியே கால்களால் உந்தி வண்டியைச் சரிவில் பின்னோக்கி ஏற்றிப் பாருங்கள். சூப்பர் மீட்டியோர் 650க்கு எடை 241 கிலோ, மீட்டியோர் 350க்கு 191. இடையிலுள்ள வித்தியாசம் சரியாக ஒரு சிமென்ட் மூட்டை. அந்த மூட்டையை நாள்தோறும் இருமுறை வாசலில் நகர்த்த முடியும் என்று உங்கள் முழங்கால்கள் ஒப்புக்கொண்டால், பெரிய வண்டிக்கு முன்பணம் கட்டலாம்.